குறைந்த விலையில் அரைத் தானியங்கி ஷாட்கன்: முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளுக்காக முதன்முறையாக அரைத் தானியங்கி ஷாட்கன் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்குபவர்கள், விலைச்சீட்டைப் பார்க்கும் முன் அது எம்முறையில் இயங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரெட்டா ஏ300 போன்றவை, தோட்டா வெடிக்கையில் எழும் வாயுவின் ஒரு பகுதியைக் கொண்டு இயங்குவதால், பின்னுதைப்பு தோளில் மென்மையாகவே இறங்கும். ஒரே நாளில் 100 தட்டுகளைச் சுடுபவருக்கு இதன் அருமை மாலையில்தான் தெரியும். கரி படிவதால் அடிக்கடி துடைக்க வேண்டும் என்பது அதற்கான விலை. ஸ்டோகர் எம்3000 போன்றவையோ பின்னுதைப்பின் விசையாலேயே இயங்குகின்றன. இவற்றில் கரி குறைவாகவே சேரும் என்றாலும், துப்பாக்கி புதிதாக இருக்கும்போது, 28 கிராம் அல்லது அதற்கும் குறைந்த ஈயக் குண்டுகள் கொண்ட இலகுவான தோட்டாக்களைச் சுட்டால், சுட்ட தோட்டாவின் வெற்றுறை முழுமையாக வெளியேறாமல் சிக்கக்கூடும். தட்டுப் போட்டிக்கு மட்டும் என்றால் நான் வாயு வகையையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும், போட்டியில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவில் சில பெட்டிகளைப் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பாருங்கள். தோளில் பதியும் துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தை இயல்பாக வைத்தவுடன் கண் குழலின் மேல்விளிம்போடு நேராக அமையாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம்.