லில் வேய்ன் ஆல்பங்களை எடை போடுவது எப்படி

அமெரிக்க ராப் பாடகர் லில் வேய்னின் ஹிட் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, வருட வரிசையில் முழு ஆல்பமாகக் கேளுங்கள். நான் ஊட்டி–கோத்தகிரி பஸ்ஸில், மஞ்சு உள்ளே வராமல் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் கேட்பேன், வழியில் சிக்னல் போய்விடும், முன்னாடியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். 1999-ல் முதல் தனி ஆல்பம் வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பையன் வேய்னுக்கு வயது 17தான், அதை மனதில் வையுங்கள். அப்புறம் பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) யாருடையது என்று பாருங்கள், இதுதான் முக்கியம்: 2004-ல் வந்த ‘தா கார்ட்டர்’ வரை பெரும்பாலும் மேனி ஃப்ரெஷ் என்ற இசைத் தயாரிப்பாளர், 2005-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை, அவர் இல்லாமலே வேய்ன் குரலாலேயே பாட்டைத் தூக்கி நிறுத்துவது காதில் விழும். 2008-ல் மூன்றாம் பாகம் அமெரிக்காவில் முதல் வாரமே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. சரி, விற்பனை வேறு. எனக்கு இரண்டாவதுதான் மேல்.