சரிவு நிலத்தில் முதல் வடிவமைப்பு: அட்டை மாதிரியிலிருந்து குறுக்குவெட்டு வரை

கட்டடக்கலை முதலாம் ஆண்டு மாணவர்களில் பலர் கிடைப்படத்தை (மேலிருந்து பார்க்கும் தளப்படத்தை) முழுவதும் வரைந்து முடித்த பின்னரே குறுக்குவெட்டை (நிலைக்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படத்தை) கையில் எடுக்கிறார்கள். மட்டக்களப்பின் சமநிலத்தில் அந்த வரிசையால் பெரிய கேடு இல்லை. மலையகத்தில், நிலத்தின் சரிவே கட்டடத்தின் பாதி வடிவத்தைத் தீர்மானித்துவிடுவதால், குறுக்குவெட்டையே முதலில் வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட நிலத்தில், பிள்ளைகளுக்கான சிறிய வாசிப்பறை ஒன்றை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் அந்நிலம் 6 மீற்றர் உயர்கிறது.

படி 1: நிலத்தை அளத்தல்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் நம் காணி ஒரு புள்ளியளவுகூட இராது. ஆகவே நாமே அளக்க வேண்டும். மேசன்மார் பயன்படுத்தும் தெளிவான நீர்மட்டக் குழாய், அளவு குறித்த இரண்டு கம்புகள், அளவு நாடா, துணைக்கு ஒருவர் என்பவை போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, இரு முனைகளையும் இரு கம்புகளோடு சேர்த்துப் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எந்தக் கம்பில் நீர்மட்டத்தின் அளவு கூடுதலாக இருக்கிறதோ அந்தக் கம்பின் அடிநிலமே தாழ்ந்தது. இரு அளவுகளின் வித்தியாசமே உயர வேறுபாடு.

நிலம் முழுவதையும் 2.5 மீற்றர் இடைவெளிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் உயரத்தைக் குறியுங்கள். அளவு நாடாவைத் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் கிடையாகவே பிடிக்க வேண்டும். இந்தச் சரிவில் 2.5 மீற்றர் கிடைத்தூரம் தரையோடு அளக்கும்போது 2.61 மீற்றராகக் காட்டும். எட்டுச் சதுரங்களைத் தாண்டும்போது அந்தப் பிழை ஏறத்தாழ 90 சென்ரிமீற்றராகிவிடும். கான் (நீர் வடியும் வாய்க்கால்), பாறை, மரம், ஆட்கள் நடந்து நடந்து உண்டான குறுக்குப்பாதை ஆகியவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சமவுயரக்கோடுகள்

ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பவை சமவுயரக்கோடுகள். இக்கோடுகளுக்கிடையிலான உயரத்தை மாதிரிக்குப் பயன்படும் அட்டையின் தடிப்பே முடிவு செய்யட்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி அட்டை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. 1:100 அளவுத்திட்டத்தில் அது 0.3 மீற்றரைக் குறிக்கும். ஆகவே நிலத்தின் மிகத் தாழ்ந்த இடத்தை 100.0 மீற்றர் என்று வைத்துக்கொண்டு, 100.0, 100.3, 100.6 என்ற வரிசையில் கோடுகளை வரைய வேண்டும். ஒரு மூலை 102.00 என்றும், அதற்கு மேலுள்ள மூலை 102.75 என்றும் இருந்தால், 102.40 என்ற கோடு கீழ் மூலையிலிருந்து 1.33 மீற்றர் தூரத்தில் கடக்கும். (0.40 ஐ 0.75 ஆல் வகுத்து 2.5 ஆல் பெருக்கினால் இது கிடைக்கும்.)

படி 3: அட்டை மாதிரி

ஒவ்வோர் அடுக்குக்கும் முழுத் துண்டு வெட்டினால் இருபது அடுக்குக்கு அட்டை ஏராளமாகச் செலவாகும். அதற்குப் பதிலாகக் கோடுகளின் நகலை இரண்டு அட்டைகளில் ஒட்டி, ஒன்றில் ஒற்றை எண் கோடுகளையும் மற்றதில் இரட்டை எண் கோடுகளையும் மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு கீற்றின் பின்பாதியும் அடுத்த கீற்றுக்கு இருக்கையாகிவிடும். உள்ளே வெற்றிடம் இருப்பதால், பக்கங்களிலும் பின்புறத்திலும் அட்டைத் தாங்கிகளை நிறுத்த வேண்டும். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவிப் புத்தகங்களால் அழுத்தி வையுங்கள். நுவரெலியாவின் ஈரக்காற்றில் அது மெதுவாகவே காயும், பசை கூடினால் அட்டை வளைந்தும் போகும்.

படி 4: குறுக்குவெட்டும் மண்வெட்டும்

முழு வேலையின் உயிர்நாடி இந்தப் படியே. சரிவின் திசையில் மாதிரியின் நடுவே கோடொன்று கிழித்து, அக்கோட்டின் வழியே நிலத்தின் குறுக்குவெட்டை, அதாவது வெட்டுமுகத்தை வரையுங்கள். நம் நிலத்தின் சரிவு 30 சதவீதம், அதாவது ஏறத்தாழ 17 பாகை. அதன்மேல் முன்னிருந்து பின்வரை 4 மீற்றர் ஆழமுள்ள ஒரே தளத்தை வைத்தால், முன்னுக்கும் பின்னுக்கும் 1.2 மீற்றர் வித்தியாசம் வரும். பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினால், பின்பக்கம் 0.6 மீற்றர் வெட்ட வேண்டும். கட்டடம் 8 மீற்றர் நீளமானால் வெட்டும் மண் 4.8 கனமீற்றர். அதே தளத்தை 2 மீற்றர் ஆழமுள்ள இரண்டு படித்தளங்களாகப் பிரித்தால் அது பாதியாகி 2.4 கனமீற்றர் வரும்; இடையில் 0.6 மீற்றர் உயர வேறுபாட்டுக்கு 15 சென்ரிமீற்றர் படிகள் நான்கு போதும். அந்தப் படிகளே பிள்ளைகள் அமர்ந்து வாசிக்கும் இடமாகலாம். கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998) கண்டியின் சரிவொன்றில் வடிவமைத்த கருணாரத்ன இல்லத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். தளங்களைச் சரிவோடு பிரித்து அமைப்பது எப்படியென்று அது காட்டும்.

நிரப்பிய மண்ணை அத்திவாரத்துக்கு நம்பக் கூடாது. வெட்டுமுகத்தில் அத்திவாரக் கோட்டை அசையாத பழைய மண் வரை இறக்கி வரையுங்கள்.

படி 5: மழையை வரைதல்

அட்டன் பக்கத்தில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓங்கும். பதுளைப் பக்கத்தில் திசெம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ்ப் பருவமழை முதன்மை பெறும். உங்கள் நிலம் எந்தப் பக்கத்தது என்பதைப் பார்த்தே இஸ்தோப்பின் திசையையும் கூரை முன்தள்ளலையும் தீர்மானியுங்கள். பின்னர் வெட்டுமுகத்தில் நீல அம்புக்குறிகளால் நீரின் பாதையை வரைய வேண்டும்: மேலிருந்து வருவது, வெட்டிய மண்ணைத் தடுக்கும் தாங்கு சுவருக்குப் பின்னாலுள்ள கானில் விழுந்து, கட்டடத்தைச் சுற்றி, கீழேயுள்ள லயத்தின் முற்றத்தைத் தொடாமல் தோட்டத்தின் பழைய கானைச் சேர வேண்டும். தாங்கு சுவரில் நீர் வடியும் துவாரங்களையும் காட்டுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவால் லயங்கள் மண்ணில் புதைந்ததை மறவாதவர்கள் உங்கள் வரைபடத்தில் முதலில் தேடுவது இந்த அம்புகளையே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த வலயத்தில் வருகிறது என்பதையும் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள்.

கிடைப்படத்தை இதற்குப் பின்னரே தொடங்கலாம். அப்போது சுவர்களில் பெரும்பாலானவை சமவுயரக்கோடுகளுக்கு இணையாகவே வந்து விழும். அவற்றைக் குறுக்காக வெட்டும் சுவர்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, தேவைதானா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் அல்லது நீக்குங்கள்.