பாப் இசைக்குழு தொடங்குவோர் சறுக்கும் இடங்கள்

சொந்தப் பாட்டுகளோடு கிளம்பும் சுயாதீன பாப் குழுக்கள் வாசிக்கத் தெரியாமல் கெடுவது குறைவு. எல்லோரும் எல்லா நேரமும் வாசித்துக்கொண்டே இருப்பதால்தான் பாட்டு கெடுகிறது.

இரண்டு கிட்டார் இருந்தால் இருவரும் ஜி, சி, டி கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) கிட்டார் கழுத்தின் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்ளேயே (கட்டங்களுக்குள்ளேயே) பிடித்து ஒரே மாதிரி அடிப்பார்கள். ஒலி பெரிதாகாது, கலங்கும். ஒருவர் அங்கேயே இருக்கட்டும். மற்றவர் 5ஆம் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தால் அதே கார்டுகள் உயர்ந்த ஸ்தாயியில் தனியாகக் கேட்கும். கீபோர்டுக்காரரின் இடது கை இன்னொரு தொல்லை. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் கனமும் அந்த அக்கம்பக்கம்தான். மூன்றாவதாக இடது கையும் அங்கே இறங்கினால் எதுவும் பிரிந்து கேட்காது. கீபோர்டின் நடுவிலுள்ள சி ஸ்வரத்திலிருந்து ஓர் ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) மேல் கீழே போகாமல் இருந்தாலே பாதி சேறு தெளியும். முதல் சரணத்தில் ஒரு வாத்தியத்தை முழுக்க நிறுத்திப் பாருங்கள். கோரஸில் அது நுழையும்போது கிடைக்கும் எழுச்சியை எந்த எஃபெக்ட் பெடலும் தராது.

சுருதியை கிட்டார் விரலுக்கு வசதியாக வைப்பது அடுத்த தவறு. கோரஸின் உச்ச ஸ்வரம் வரும் வரியை முழுக் குரலில் மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாவது முறை தொண்டை இறுகினால் ஓர் அரைஸ்வரமோ இரண்டோ இறக்குங்கள். சரணத்தின் கீழ் ஸ்வரம் மைக்கில் எடுபடுகிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். டெம்போவையும், அதாவது பாட்டின் வேகத்தையும், உற்சாகத்துக்கு விடக்கூடாது. 96 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 96 தாள அடிகளில்) தொடங்கிய பாட்டு கோரஸில் 104க்கு ஓடியிருப்பது வாசிக்கும்போது தெரியாது, ஒத்திகையை ஃபோனில் பதிந்து கேட்டால் தெரியும்.

‘எங்கள் பாணியில் ஃபங்க், ஃபோக், எலக்ட்ரானிக் எல்லாம் உண்டு’ என்பது பாணியே அல்ல. டிரம்மின் ஒலி, குரலைப் பதியும் விதம் இரண்டையும் முதல் நான்கைந்து பாட்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருங்கள். கேட்பவர் குழுவை அதைக்கொண்டுதான் அடையாளம் காண்பார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. அதற்குள் கேட்பவர் தாண்டிப் போய்விடலாம், அதனால் குரல் நாற்பதாவது விநாடியில் வருவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

நட்பை நம்பி எழுத்தில் எதுவும் வைக்காததுதான் பின்னால் பெரிதாக வெடிப்பது. மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாட்டு முடிந்த அன்றே இரண்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். யாராவது விலகினால் குழுவின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதும் அதே தாளில் வரட்டும்.