சொற்றொடரை இயற்கணிதக் கோவையாக்க: உருபைப் பார், கடைசிச் சொல்லைப் பார்

‘ஓர் எண்ணை விட 5 குறைவு’ போன்ற சொற்றொடரை எழுத்து, எண், குறி கொண்ட கோவையாக்க, தெரியாத எண்ணுக்காக நிற்கும் எழுத்தில் தொடங்குவோம். பாடநூலில் ஆங்கில எழுத்து இருக்கும். எந்த எழுத்தானாலும் சரிதான், இங்கே ‘ம’. ம = கத்திரிக்காய் என்று எழுதினால் அங்கேயே வழுக்கிவிடும். ம = ஒரு கிலோ கத்திரிக்காயின் விலை, ரூபாயில். எழுத்து நிற்பது எண்ணுக்காக, காய்க்காக அல்ல.

அடுத்தது உருபு. ‘7ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க’ என்றால் பிள்ளைகள் கண்ணில் பட்ட வரிசையிலேயே 7 − ம என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை ம − 7. தமிழில் இப்படி உருபு ஒட்டிய சொற்களை முன்பின் மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. உருபு மாறினால்தான் மாறும். ‘இலிருந்து’ ஒட்டியது கழித்தல் குறிக்கு முன்னால், ‘ஐ’ ஒட்டியது பின்னால். வகுத்தலில் ‘ஆல்’ ஒட்டியது கீழே போகும்: ‘12ஐ ஓர் எண்ணால் வகுக்க’ என்பது 12/ம. கூட்டலிலும் பெருக்கலிலும் இடம் மாறினால் நட்டமில்லை.

‘விட’ வந்தால் நிதானம் வேண்டும். ‘ஓர் எண்ணை விட 5 குறைவு’ என்பது ம − 5. ‘ஓர் எண் 20ஐ விட எவ்வளவு குறைவு’ என்பது 20 − ம. மடங்கு, பங்கு இரண்டையும் குழப்பக் கூடாது: மும்மடங்கு 3ம, மூன்றில் ஒரு பங்கு ம/3, ஒன்றரை மடங்கு 3ம/2.

அதிகம் இடறுவது அடைப்புக்குறியில். தமிழ்த் தொடரில் கடைசியில் நிற்கும் சொல்லே கடைசியாகச் செய்யும் வேலை. அதற்கு முன் முடியும் கூட்டல், கழித்தலை அடைப்புக்குள் வையுங்கள். ‘ஓர் எண், 3 இவற்றின் கூடுதலின் வர்க்கம்’: கடைசி வேலை வர்க்கம், ஆகவே (ம + 3)². ‘வர்க்கங்களின் கூடுதல்’ என்றால் ம² + 3². ‘கூட்டி’, ‘கழித்து’ என்று வினையெச்சம் வந்தால் அடைப்பு அங்கே மூடுகிறது: ‘ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி, வந்ததை இரட்டிப்பாக்கு’ என்பது 2(ம + 3).

வேலூர் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் 3 கிலோ வாங்குகிறீர்கள். மொத்தத்தில் 20 ரூபாய் குறைத்தால் 3ம − 20. கிலோவுக்கு 20 குறைத்தால் 3(ம − 20). கிலோ 60 என்று வையுங்கள்: முதலாவது 160, இரண்டாவது 120. அடைப்பை விட்டால் 40 ரூபாய் கையை விட்டுப் போகும். ஆற்காட்டில் மக்கன் பேடா இனிப்பு 4 பெட்டி வாங்கி 500 ரூபாய் நோட்டை நீட்டினால், பெட்டி விலை ம எனில், மீதி 500 − 4ம.

‘சமம்’, ‘ஆகும்’, ‘கிடைக்கும்’ என்று மதிப்பு சொல்லாத வரை சமக்குறி போடாதீர்கள். கோவை வேறு, சமன்பாடு வேறு.

எழுதி முடித்ததும் ம-வுக்கு 10 போட்டு, தொடர் சொல்கிறபடி வாயாலும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 2 போட வேண்டாம்: 2ம, ம², ம + 2 மூன்றுமே 4 வரும், தவறு ஒளிந்துகொள்ளும்.