வட்டச் சமன்பாட்டை கிராஃப் தாளில் வரைவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலையில் என்னிடம் படிக்க வரும் படிவம் நான்கு, ஐந்து (மேல்நிலைப் பள்ளி) பிள்ளைகள் நேர்க்கோடு, பரவளையம் எல்லாம் மளமளவென்று வரைந்துவிடுகிறார்கள். வட்டம் என்றதும்தான் கை நின்றுவிடுகிறது. புள்ளி குறிக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எடுத்துக்காட்டு இது:
எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0

படி 1. எக்ஸ் உள்ளவற்றை ஒரு பக்கம், ஒய் உள்ளவற்றை அதன் அருகில் சேருங்கள். எண்ணை வலப்பக்கம் தள்ளுங்கள்.
எக்ஸ்² − 6எக்ஸ் + ஒய்² + 4ஒய் = 12

படி 2. வர்க்கமாக்குங்கள். −6இல் பாதி −3, அதன் வர்க்கம் 9. 4இல் பாதி 2, அதன் வர்க்கம் 4. இரண்டையும் இரு பக்கமும் கூட்டுங்கள்.
(எக்ஸ் − 3)² + (ஒய் + 2)² = 25

மையம் (3, −2). குறி ஏன் மாறுகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். எக்ஸுக்கு எந்த எண்ணைப் போட்டால் அடைப்புக்குள் பூஜ்ஜியம் வரும் என்று பாருங்கள்: 3. ஒய்க்கு −2. அவ்வளவுதான். ஆரம் 25 இல்லை, அதன் வர்க்கமூலம் 5.

படி 3. அளவுத்திட்டம். இங்கேதான் நிதானம் வேண்டும். எஸ்பிஎம் (படிவம் ஐந்தின் அரசுத் தேர்வு) கேள்விகளில் பரவளையத்துக்கு எக்ஸ் அச்சில் 2 செ.மீ.க்கு 1 அலகு, ஒய் அச்சில் 2 செ.மீ.க்கு 5 அலகு என்று கொடுப்பது வழக்கம். பிள்ளைகளுக்கு அதே கை பழகிவிடுகிறது. வட்டத்துக்கு அது ஆகாது. இரண்டு அச்சிலும் ஒரே அளவு இருந்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். இல்லாவிட்டால் புள்ளிகளைச் சரியாகக் குறித்தாலும் முட்டை மாதிரிதான் வரும், காம்பஸும் உதவாது.

இன்னொன்று: 2 செ.மீ.க்கு 1 அலகு எடுத்தால் இந்த வட்டத்தின் விட்டம் 20 செ.மீ. ஏ4 தாளின் அகலமே 21 செ.மீ.தான், கட்டங்கள் அதைவிடக் குறைவு. ஆகவே 1 செ.மீ.க்கு 1 அலகு. எக்ஸ் அச்சு −3 முதல் 9 வரை, ஒய் அச்சு −8 முதல் 4 வரை போதும்.

படி 4. மையத்தில் ஊசியை வைத்து, 5 செ.மீ. விரித்துச் சுற்றுங்கள். திருகு வைத்த இரும்புக் காம்பஸ் வாங்குங்கள். பிளாஸ்டிக் காம்பஸ் பாதிச் சுற்றிலேயே விரிந்துவிடும், அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சரிபார்க்க (8, −2), (−2, −2), (3, 3), (3, −7) வழியாகக் கோடு போகிறதா என்று பாருங்கள். அப்புறம் (6, 2), (7, 1) இரண்டையும் பாருங்கள். பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணத்தால் கிடைக்கும் புள்ளிகள் இவை.

போனில் பார்க்க டெஸ்மோஸ் என்ற வரைபடச் செயலி எனக்குப் பிடிக்கும். முதல் சமன்பாட்டை அப்படியே தட்டினாலே வட்டம் வந்துவிடும். ஜியோஜீப்ரா நல்ல கருவிதான், ஆனால் வெறும் வரைபடத்துக்கு அதில் பொத்தான்கள் அதிகம். எதுவானாலும் முதலில் தாளில் வரைந்துவிட்டுப் பிறகு திறங்கள்.

பின்சேர்க்கை: கால்குலேட்டரின் டேபிளில் சமன்பாட்டைப் போட முடியவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வட்டம் சார்பு (ஃபங்ஷன்) அல்ல. சார்பில் ஒரு எக்ஸுக்கு ஒரு ஒய்தான், இங்கே ஒரே எக்ஸுக்கு இரண்டு ஒய் வருகிறது. ஆகவே மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாகப் போட வேண்டும்:
ஒய் = −2 + √(25 − (எக்ஸ் − 3)²)
ஒய் = −2 − √(25 − (எக்ஸ் − 3)²)
எக்ஸ் −2 முதல் 8 வரைதான். அதைத் தாண்டினால் எரர் காட்டும், ஏனென்றால் அங்கே வட்டமே இல்லை.

2எக்ஸ்² + 2ஒய்² என்று தொடங்கினால்? எல்லாவற்றையும் 2ஆல் வகுத்துவிட்டுப் படி 1க்கு வாருங்கள். வகுக்காமல் பாதி எடுத்தால் மையம் தப்பிவிடும். வர்க்கமாக்கிய பிறகு வலப்பக்கம் எதிர்ம எண் வந்தால் கூட்டலை ஒருமுறை சரிபாருங்கள். கூட்டல் சரியென்றால் வரைவதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.