வளர்ந்தவரின் பல்லைக் கொண்டு வயதைக் கணிப்பது எப்படி?

குழந்தையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வது ஒப்பீட்டளவில் எளிது. எந்தப் பல் எந்த வயதில் முளைக்கும், அதன் வேர் எப்போது முற்றுப்பெறும் என்பதற்கு ஓரளவு உறுதியான அட்டவணைகள் உள்ளன. இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் வயதை மறைத்து வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களை இனங்காணப் பற்களைப் பயன்படுத்தலாம் என்று பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ் 1837ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் ஞானப்பல்லின் வேர்நுனி மூடிக்கொண்ட பிறகு வளர்ச்சியைக் கொண்டு வயதை அறிய வழியில்லை. அதன்பின் பல்லின் திசுக்கள் தேய்வதையும் தடிப்பதையும் அடைபடுவதையும் கொண்டே கணிக்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் ஒற்றை வேருள்ள பல் கையில் கிடைத்தால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது, எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பல் மருத்துவ மாணவர்களையும் தடயவியலில் நாட்டமுள்ளவர்களையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எந்தத் திசுவை நம்புவது

அளவுகோலை எடுப்பதற்கு முன், பல்லின் திசுக்கள் எல்லாம் ஒரே விதமாக முதுமையடைவதில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பல்லின் கடினமான வெளிப்படலமாகிய பற்சிப்பி எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. அதை உருவாக்கிய அமீலோபிளாஸ்ட் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், இழந்த பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை. வயது கூடக் கூட அதன் மேற்பரப்பிலுள்ள நுண்வரிகள் மழுங்கி வழவழப்பாகின்றன. கடிக்கும் விளிம்பு தேய்கிறது. படலம் மெலிவதால் உள்ளிருக்கும் டென்டைன் என்னும் திசுவின் மஞ்சள் நிறம் மேலே தெரிகிறது. இவை வயதோடு சேர்ந்து வருபவைதான் என்றாலும், பற்சிப்பி முதன்மையாகப் பதிவு செய்வது உழைப்பையே தவிர ஆண்டுகளை அன்று. பல ஆண்டுகள் வெற்றிலை பாக்கு மென்றவருடைய பற்களும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருடைய பற்களும் அவர்களின் வயதுக்கு மிஞ்சித் தேய்ந்திருக்கும். கரித்தூளோ செங்கல் தூளோ கொண்டு பல் துலக்கியவர்களுக்கு ஈறோரத்தில் குழிவான தேய்மானம் காணப்படும். அதைக் கடித்துத் தேய்ந்ததாகக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

டென்டைனின் நிலை வேறு. வேர் முழுமையடைந்த பிறகும், பல்லின் நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழின் விளிம்பில் வாழும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் மிக மெதுவாக இரண்டாம் நிலை டென்டைனைப் படியவைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் பற்கூழ் அறை ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. சொத்தையோ கடுமையான தேய்மானமோ ஏற்பட்டால் அந்த இடத்துக்கு நேர் உள்ளே பழுதுபார்ப்பு டென்டைனும் உருவாகும். அது காயத்துக்கான எதிர்வினை என்பதால் வயதுக் கணக்கில் சேராது. வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இத்துறையில் மிகவும் மதிக்கப்படும் மாற்றம் நிகழ்வது வேர் டென்டைனில்தான். டென்டைன் முழுவதும் நுண்குழாய்கள் ஓடுகின்றன. இளம் பல்லில் குழாய்க்குள் இருப்பதும் குழாய்ச் சுவரும் ஒளியை வெவ்வேறு அளவில் விலகச் செய்வதால் ஒளி சிதறி, வேர் வெண்மையாகவும் ஒளிபுகாமலும் தெரிகிறது. வயது ஏற ஏறக் குழாய்களின் உட்சுவரில் தாதுப்பொருள் படிந்து அவற்றை அடைத்துவிடுகிறது; ஒளிவிலகல் எண்கள் ஒன்றாகின்றன; எண்ணெய் பட்ட காகிதம் போல அப்பகுதி ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. இம்மாற்றம் வேர்நுனியில் தொடங்கிக் கழுத்தை நோக்கி மேலேறுகிறது. இருபது வயதுக்கு முன் இது அரிது. உணவு, மெல்லும் பழக்கம், சிகிச்சை ஆகியவற்றின் பாதிப்பு இதில் குறைவு. ஒரே ஓர் அடையாளத்தைத்தான் பார்க்கலாம் என்று யாரேனும் வரம்பு விதித்தால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வேரின் மேல் படர்ந்திருக்கும், பற்காரை எனப்படும் சிமென்டம் வாழ்நாள் முழுவதும், குறிப்பாக வேர்நுனிப் பகுதியில், தடித்துக்கொண்டே போகிறது. பற்கூழில் செல்களும் இரத்த நாளங்களும் குறைந்து நார்கள் பெருகுகின்றன. சில பற்களில் கால்சியக் கற்களும் தோன்றுகின்றன. முதியவர்களின் பல் குளிர்ச்சிச் சோதனைக்குத் தாமதமாகவோ மங்கலாகவோ பதிலளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் வயதைக் கணிக்கப் பற்கூழின் செல்களைவிட அந்த அறையின் அளவே பயன்படும்.

பல்லைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்தல்

ஒற்றை வேருள்ள, சொத்தையற்ற, வேர் சிகிச்சை செய்யப்படாத பல்லே ஏற்றது. பல பற்கள் கிடைத்தால் மேல்தாடையின் முன்வெட்டுப் பற்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். எதிரே கடிப்பதற்குப் பல் இல்லாமல் நின்ற பல்லில் தேய்மானம் குறைவாகவே இருக்கும் என்பதால், தாடை கிடைத்திருந்தால் எதிர்ப்பல்லின் நிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கையுறை அணிந்து, காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு பல்லைத் தூய்மை செய்ய வேண்டும். கூரிய கருவியால் வேரைச் சுரண்டினால் ஈறு ஒட்டியிருந்த எல்லை அழிந்துவிடும். வெளுக்கும் கரைசல் நிறத்தை மாற்றிவிடும். ஃபார்மலின் டி.என்.ஏ.யைச் சிதைப்பதால், மரபணுச் சோதனை பின்னர் தேவைப்படக்கூடிய பல்லை அதில் போட்டு வைக்கக் கூடாது. தூய்மை செய்தவுடன் எல்லாப் பக்கங்களிலும் அளவுகோலோடு ஒளிப்படமும், இரு கோணங்களில் எக்ஸ்ரே படமும் எடுத்துவிட வேண்டும். பல்லுக்குச் சேதம் விளைவிக்காத சோதனைகள் அனைத்தையும் முடித்த பிறகே வெட்டும் முறைக்குப் போக வேண்டும் என்பது மீறக் கூடாத ஒழுங்கு. வழக்குச் சான்றாக வந்த பல்லானால், வெட்டுவதற்கு உரிய அதிகாரியிடம் எழுத்துமூலமான ஒப்புதல் பெறுவதும் இந்த ஒழுங்கைச் சேர்ந்ததே.

வெட்டாமல் கணிக்கும் முறை

பிரான்சைச் சேர்ந்த லமென்டினும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்ட முறைக்கு நீளத்தை நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் காலிபரும், எக்ஸ்ரே படம் பார்க்கும் ஒளிப்பெட்டியும் போதும். அளவுகள் அனைத்தையும் உதட்டுப் பக்கப் பரப்பில் மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும். முதலில் வேர்நுனி முதல் பற்சிப்பி முடியும் கழுத்துக்கோடு வரையுள்ள வேரின் உயரத்தை அளக்க வேண்டும். அடுத்து, ஈறு விலகலை, அதாவது கழுத்துக்கோட்டிலிருந்து ஈறு ஒட்டியிருந்த எல்லை வரையுள்ள தொலைவை அளக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே பற்சிப்பியைவிடக் கருமையாகவும், எஞ்சிய வேரைவிட வெளிறியும் வழவழப்பாகத் தெரியும் மஞ்சள் நிறப் பட்டையே அந்தப் பகுதி. கடைசியாகப் பல்லை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, வேர்நுனியிலிருந்து ஒளி ஊடுருவும் பகுதி எட்டியிருக்கும் மிகக் கூடிய உயரத்தை அளக்க வேண்டும். அந்த எல்லை நேர்கோடாக இராது, மங்கலாகவும் இருக்கும். ஆகவே அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதும், வேறொருவரை முதல் அளவைக் காட்டாமல் மீண்டும் அளக்கச் சொல்வதும் நல்லது.

பின்னிரு அளவுகளையும் தனித்தனியே நூறால் பெருக்கி, வேரின் உயரத்தால் வகுக்க வேண்டும். ஈறு விலகலுக்குக் கிடைத்த எண்ணை 0.18ஆலும், ஒளி ஊடுருவலுக்குக் கிடைத்த எண்ணை 0.42ஆலும் பெருக்கிக் கூட்டி, அதனுடன் 25.53ஐச் சேர்த்தால் வயது கிடைக்கும். வேரின் உயரம் 14 மி.மீ., ஈறு விலகல் 3 மி.மீ., ஒளி ஊடுருவும் பகுதி 6 மி.மீ. என்று கொள்வோம். விகிதங்கள் முறையே 21.43, 42.86. அவற்றிலிருந்து 3.86உம் 18.00உம் கிடைக்கின்றன. 25.53ஐயும் சேர்த்தால் விடை 47.39, அதாவது ஏறக்குறைய 47 வயது.

இந்தச் சூத்திரத்தின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஈறு சிறிதும் விலகாத, ஒளி சிறிதும் ஊடுருவாத பதினெட்டு வயதுக்காரரின் பல்லுக்கும் இது 25.53 என்றே விடை தரும். மறுமுனையில், முதியவர்களின் வயதை இது குறைத்துச் சொல்லும் போக்குடையது. நடுவயதினருக்கே இது நன்றாகப் பொருந்துகிறது; அங்கும் சராசரிப் பிழை 10 ஆண்டு அளவில் இருந்ததாக முறையை உருவாக்கியவர்களே அறிவித்தனர். ஈறு நோய் கடுமையாக இருந்தவரின் பல்லில் ஈறு விலகல் வயதைக் காட்டாது. அந்த அளவின் பெருக்கெண் 0.18 என்று சிறியதாக அமைந்திருப்பது ஓரளவுக்கு நல்லதே. பின்னர் பிரின்ஸ், உபெலாக்கர் ஆகிய இருவரும் பாலினத்துக்கும் மக்கள் பிரிவுக்கும் ஏற்பத் தனித்தனிச் சூத்திரங்களை 2002இல் அமைத்தபோது கணிப்பு மேம்பட்டது. நம் பகுதி மக்களின் பற்களில் சரிபார்க்கப்பட்ட சூத்திரம் கிடைத்தால் அதையே முதலில் பயன்படுத்த வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

வெட்டிப் பார்க்கும் முறை

சுவீடனைச் சேர்ந்த கோஸ்டா குஸ்டாஃப்சன் 1950இல் வகுத்த முறையே இத்துறைக்கு அடித்தளம். பல்லை உதட்டுப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாக, நடுவாக நீளவாக்கில் அறுத்து, இரு பக்கமும் தேய்த்து மெல்லிய துண்டாக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும்போதே ஒளி ஊடுருவலைக் குறித்துக்கொள்ள வேண்டும். துண்டு மேலும் மெலிந்தால் எல்லாமே ஒளி ஊடுருவுவதாகத் தோன்றும். பிறகு கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து மற்றவற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

தேய்மானம், ஈறு விலகல், இரண்டாம் நிலை டென்டைன், பற்காரையின் தடிப்பு, வேர் அரிப்பு (வேரின் திசு கரைந்து குறைவது), வேரின் ஒளி ஊடுருவல் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். தேய்மானம் பற்சிப்பிக்குள்ளேயே நின்றால் 1, டென்டைனை எட்டினால் 2, பற்கூழை எட்டினால் 3. ஈறு விலகல் அப்போதுதான் தொடங்கியிருந்தால் 1, வேரின் மூன்றில் ஒரு பங்கைக் கடந்தால் 2, மூன்றில் இரு பங்கைக் கடந்தால் 3. பற்கூழ் அறையின் மேற்பகுதியில் படிவு தொடங்கியிருந்தால் 1, பாதி நிரம்பினால் 2, ஏறக்குறைய முழுதும் நிரம்பினால் 3. ஏனையவற்றுக்கும் இதே போக்கில், சிறிதளவு, தெளிவான அளவு, மிகுதி என்று மதிப்பிட வேண்டும். மொத்தத்தை 4.56ஆல் பெருக்கி 11.43ஐக் கூட்டினால் வயது கிடைக்கும். மேற்சொன்ன பல்லுக்குத் தேய்மானம் 2, ஈறு விலகல் 1, டென்டைன் 1, பற்காரை 1, அரிப்பு 0, ஒளி ஊடுருவல் 2 என்று வந்தால் மொத்தம் 7, வயது 43.35.

ஆறு மாற்றங்களுக்கும் சம மதிப்பு தந்ததே இம்முறையின் பெருங்குறை. அதே மனிதர் வெற்றிலை போடுபவராக இருந்து தேய்மானம் 3 ஆனால், உள்ளே பழுதுபார்ப்பு டென்டைன் உருவாகி அறையும் பாதி நிரம்பி அதற்கும் 2 இட நேரும். ஒரே பழக்கம் இருமுறை கணக்கில் ஏறி, வயதை 9 ஆண்டுக்கு மேல் கூட்டிவிடும். வேர் அரிப்புக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பும் வலுவானதன்று. 1962இல் டாலிட்ஸ் என்னும் ஆய்வாளர் அரிப்பையும் பற்காரையையும் நீக்கிவிட்டு, எஞ்சிய நான்குக்கும் நுட்பமான படிநிலைகளை வகுத்தார். குஸ்டாஃப்சன் 3.6 ஆண்டு என்று கூறிய பிழையளவும் புள்ளியியல் முறையில் திருத்தியபோது ஏறக்குறைய இரு மடங்காயிற்று என்று மேப்பிள்ஸ், ரைஸ் என்னும் ஆய்வாளர்கள் 1979இல் காட்டினர். எனவே பழைய நூல்களில் காணும் அந்த எண்ணை அப்படியே அறிக்கையில் எடுத்தெழுதுவது தவறு.

வசதியுள்ள ஆய்வகத்தில் வேரின் நடுப்பகுதியைக் குறுக்காக மெல்லிய துண்டாக்கி, பற்காரையில் மாறி மாறி வரும் ஒளிர்ந்த, இருண்ட வரிகளை எண்ணலாம். ஓர் இணை வரி ஓர் ஆண்டு என்று கொண்டு, அந்தப் பல் முளைக்கும் சராசரி வயதைக் கூட்ட வேண்டும். டென்டைனில் உள்ள அஸ்பார்டிக் அமிலம் தன் இடஞ்சுழி வடிவத்திலிருந்து வலஞ்சுழி வடிவத்துக்கு மெல்ல மாறும் அளவைக் கொண்டும் வயதைக் கணிக்கலாம். வெப்பம் இம்மாற்றத்தை விரைவுபடுத்துவதால் எரிந்த உடலின் பல்லுக்கு இது ஒத்துவராது. நெடுங்காலம் மண்ணில் புதைந்த பல்லில் டென்டைன் சுண்ணாம்புபோல் ஆகிவிடுவதால் ஒளி ஊடுருவலையும் நம்ப இயலாது.

உயிரோடிருப்பவருக்கு

பல்லைப் பிடுங்க முடியாத நிலையில் எக்ஸ்ரே படமே வழி. நார்வேயைச் சேர்ந்த க்வாலும் அவருடைய குழுவினரும் 1995இல் பற்கூழின் நீள அகலங்களைப் பல்லின் நீள அகலங்களோடு ஒப்பிட்டனர். இத்தாலியின் கமெரியேரே 2004 முதல் கோரைப்பல்லில் பற்கூழின் பரப்பைப் பல்லின் பரப்பால் வகுக்கும் முறையை வளர்த்தார். நீளத்தை நேரடியாகப் பயன்படுத்தாமல் விகிதத்தைப் பயன்படுத்துவதால் படத்தின் உருப்பெருக்கம் கணக்கைக் கெடுப்பதில்லை. கோரைப்பல் முதுமையிலும் வாயில் எஞ்சியிருப்பதும், ஒப்பீட்டளவில் குறைவாகத் தேய்வதும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள்.

முடிவை எழுதுதல்

ஒரே பல்லுக்கு ஒரு முறை 47 என்றும் இன்னொன்று 43 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் மற்றதன் பிழை எல்லைக்குள்ளேயே உள்ளன. அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல், பயன்படுத்திய முறை, அளந்த பல், எடுத்த அளவுகள் ஆகியவற்றோடு வயது வரம்பை எழுத வேண்டும். இந்தப் பல்லுக்கு 35 முதல் 55 வரை என்று எழுதினால் போதும். முறைகளின் விடைகள் பெரிதும் விலகினால், தேய்மானத்தைச் சார்ந்த விடையைவிட வேரின் ஒளி ஊடுருவலைச் சார்ந்த விடைக்கு எடை கொடுத்து, அதற்கான காரணத்தையும் குறிப்பிட வேண்டும். அறுத்த பல்லின் எஞ்சிய பகுதியை உலர்ந்த நிலையில், பெயரும் நாளும் எழுதிய உறையில் முத்திரையிட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், மரபணுச் சோதனைக்கோ மறு ஆய்வுக்கோ அது பின்னர் உதவும்.