எலும்பையும் குருத்தெலும்பையும் அறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரம்பம், உளி, சுத்தி, டிரில் என்று எலும்பு அறுவைக் கருவிகள் தச்சுப் பட்டறையை நினைவூட்டும். அதனாலோ என்னவோ, ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்கள் பலர் எலும்பை மரக்கட்டையைப் போலக் கையாளுகிறார்கள். எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது, உயிருள்ள செல்கள் இருக்கின்றன. நாம் அறுத்த அதே முனைதான் பிறகு ஒட்டியாக வேண்டும்.

பெரிய எதிரி சூடு. அறுக்கும் நேரத்தில் அதன் சேதம் கண்ணுக்குத் தெரியாது. எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல் எலும்பில் ஆய்வு செய்து 1983-இல் ஒன்றைக் காட்டினார்கள்: 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குப் பாதிப்பு உண்டு. சலைன் (உப்புநீர்) ஊற்றாமல் மின்ரம்பத்தை ஓட்டினால் இந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. வெந்துபோன எலும்பு சரியாக ஒட்டாது, அதில் போட்ட ஸ்குரூ நாளடைவில் தளரும். ஆகவே உதவியாளர் சலைனைத் தாராளமாக, பிளேடு எலும்பைத் தொடும் இடத்திலேயே விட வேண்டும். பக்கத்தில் எங்கோ ஊற்றிப் பயனில்லை.

சூட்டுக்கு இன்னொரு காரணம் மொண்ணை பிளேடு. ‘இன்னும் ஒரு கேஸுக்கு வரும்’ என்று வைத்துக்கொள்வார்கள். வெட்டாத பிளேடை அழுத்தத்தான் தோன்றும், அழுத்த அழுத்தச் சூடு ஏறும். வெட்டுவதை ரம்பத்தின் பல்லிடம் விடுங்கள், கை வழிகாட்டினால் போதும். நடுநடுவே வெளியே எடுத்து, பல்லில் அடைத்த எலும்புத்தூளைக் கழுவிவிட்டுத் தொடருங்கள்.

ஜிக்லி கம்பி ரம்பத்தில் நடக்கும் தவறு வேறு. கைகள் இரண்டையும் நெருக்கிப் பிடித்து இழுத்தால் கம்பி கூர்மையாக மடங்கி, எலும்பில் சிக்கி, அறுந்தே போகும். கைகளை நன்றாக அகட்டி, கம்பியின் நடுப்பகுதியால் நீளமாக, சீராக இழுக்க வேண்டும். இதற்கும் சலைன் உண்டு.

கெட்டியான எலும்பில் எடுத்த எடுப்பில் ஆஸ்டியோடோமை (எலும்பு வெட்டும் உளியை) வைத்துச் சுத்தியால் அடிக்காதீர்கள். விரிசல் தன் போக்கில் ஓடிவிடும். வெட்டவேண்டிய கோட்டில் சிறு துளைகள் போட்டுவிட்டு, அப்புறம் அவற்றை இணைப்பதே பாதுகாப்பு.

ரம்பம் எலும்பைத் தாண்டினால் முனை எங்கே போய் நிற்கும் என்பது அறுக்கத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முழங்காலின் பின்னால், மூட்டுறையை ஒட்டியே காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்லிட்டியல் தமனி ஓடுகிறது. தசையையும் ரத்தக் குழாயையும் விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சை அழுத்துவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. சேதமானால் பழையபடி வளராது. ரம்பம் அதன் ஓரத்தைப் பிய்த்துவிடும். எனவே புது ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) பிளேடால் குருத்தெலும்பைக் கீறிவிட்டு, அடியிலுள்ள எலும்பை மட்டும் ரம்பத்துக்கு விடுங்கள். எடுத்த துண்டை மேஜையில் காயவிடாதீர்கள், சலைனில் நனைத்த காஸில் சுற்றி வையுங்கள்.

காது, மூக்கு சீரமைப்புக்கு விலா எலும்பின் குருத்தெலும்பை எடுக்கும்போது அடியிலேயே நுரையீரலின் உறை இருக்கிறது. எடுத்து முடித்ததும் குழியில் சலைன் நிரப்பி, மயக்க மருத்துவரை நுரையீரலை ஊதச் சொல்லிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். இதைத் தவிர்த்துவிட்டுத் தையல் போடவே கூடாது. இன்னொன்று, ஒரு பக்கம் மட்டும் செதுக்கிய துண்டு வளைந்துகொள்ளும். இரு பக்கமும் சமமாகச் செதுக்க வேண்டும் என்று கிப்சனும் டேவிஸும் 1958-இலேயே விளக்கியிருக்கிறார்கள். செதுக்கியதைச் சற்று நேரம் சலைனில் போட்டு, வளைகிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மின்ரம்பத்தின் அருகே நிற்காதீர்கள். எலும்புத்தூளும் ரத்தமும் முகத்துக்குத்தான் தெறிக்கும்.

கருவிகளையும் கவனியுங்கள். எலும்பைக் கடித்தெடுக்கும் நிப்ளரால் கம்பி வெட்டினால் அதன் வாய் போய்விடும். தடித்த எலும்பைப் பிடித்துத் திருகுவதும் அப்படித்தான், சிறிது சிறிதாகக் கடித்து எடுக்க வேண்டும். கேஸ் முடிந்த பிறகு கருவிகளைச் சலைனில் ஊறப்போடாதீர்கள். உப்பு எஃகை அரித்துக் குழி விழச்செய்யும், அந்தக் குழிகளில் ரத்தம் தங்கிவிடும்.